ஃபெயில்ஓவருக்குப் பிறகும் அதே டிஸ்க்: என்எஃப்எஸ் கிளஸ்டருக்கு எந்த அடையாளம்?

லினக்ஸின் 2.6.18 கர்னல் ஓடிய காலம். ஒன்று விழுந்தால் மற்றது சேவையை ஏற்கும் கிளஸ்டராக இரண்டு சர்வர் (நோடு), அவற்றுக்குப் பொதுவாக ஒரு சான் ஸ்டோரேஜ், அதன்மேல் டிஸ்க்கை வால்யூம்களாகப் பிரிக்கும் எல்விஎம், அதற்கும் மேலே கோப்புகளை நெட்வொர்க்கில் பகிரும் என்எஃப்எஸ். மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டும். ராத்திரி பதினொன்றரை மணிக்குக் கடைசியாக ஒரு ஃபெயில்ஓவர் (சேவையை மறு நோடுக்கு மாற்றுவது) பார்த்துவிடலாம் என்று முதல் நோடை ஸ்டாண்ட்பைக்குத் தள்ளினேன். சேவைக்கான ஐபி இரண்டாவது நோடுக்குப் போனது. வால்யூம் அங்கே மவுன்ட் ஆனது. கிளஸ்டர் திரையில் ஒரு பிழை வரிகூட இல்லை. ஒரு கிளையன்ட்டில் நுழைந்து எல்எஸ் அடித்தேன்: ‘ஸ்டேல் என்எஃப்எஸ் ஃபைல் ஹேண்டில்’, கையிலிருக்கும் அடையாளம் இனி செல்லாது என்ற பிழை. அடுத்த கிளையன்ட்டிலும் அதுவே. சேவையை முதல் நோடுக்கே திருப்பினேன். எதுவுமே நடக்காததுபோல எல்லாக் கிளையன்ட்டும் வேலை செய்ய ஆரம்பித்தன.

திருப்பியதும் சரியாகிவிட்டதே, அதுதான் துப்பு. தரவு கெடவில்லை, நெட்வொர்க்கும் கெடவில்லை. இரண்டு நோடிலும் அந்த வால்யூமின் டிவைஸ் எண்ணை, அதாவது கர்னல் அதற்குக் கொடுக்கும் மேஜர், மைனர் எண் ஜோடியைப் பார்த்தேன். முதல் நோடில் 253, 3. இரண்டாவதில் 253, 5. இரண்டாவது நோடின் உள் டிஸ்க்கில் கூடுதலாக இரண்டு சின்ன லாஜிக்கல் வால்யூம்கள் இருந்தன. பூட் ஆகும்போது அவை முதலில் எண் வாங்கிக்கொண்டன, நம் வால்யூம் வரிசையில் பின்னால் போய்விட்டது. அந்த 3 ஐந்தானதுதான் எங்கள் இரவைத் தின்றது.

இன்றைய கர்னல்களில் இதே வடிவில் இந்தப் பிரச்சினை வருவது குறைவு. ஆனால் ‘எந்த அடையாளத்தை நம்புவது’ என்ற முடிவை ஒவ்வொரு கிளஸ்டரிலும் யாராவது எடுத்தே ஆக வேண்டும். நாம் எடுக்காவிட்டால் மென்பொருளே எடுத்துக்கொள்ளும். என் அனுபவத்தில், பிரச்சினை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஹேண்டிலுக்குள் என்ன இருக்கிறது

என்எஃப்எஸ்ஸில் கிளையன்ட் ஒரு கோப்பைப் பெயர் சொல்லித் தேடுவது ஆரம்பத்தில் மட்டும். சர்வர் அதற்கு ஒரு ஃபைல் ஹேண்டில் கொடுக்கும். அதன்பிறகு படிப்பதும் எழுதுவதும் அந்த ஹேண்டிலைக் காட்டித்தான். கோயில் வாசலில் செருப்பு விட்டு வாங்கும் டோக்கன் மாதிரி. டோக்கனில் இருப்பது நமக்குப் புரிய வேண்டியதில்லை, உள்ளே நிற்பவருக்குப் புரிந்தால் போதும். சிக்கல் எப்போது வரும்? உள்ளே நிற்பவர் மாறி, புதியவர் அடுக்குகளுக்கு வேறு எண் போட்டிருந்தால் வரும்.

ஹேண்டிலின் நீளம் பதிப்பைப் பொறுத்தது: இரண்டாம் பதிப்பில் 32 பைட், மூன்றாம் பதிப்பில் அதிகபட்சம் 64, நான்காம் பதிப்பில் 128. லினக்ஸ் சர்வர் அதற்குள் முக்கியமாக மூன்று விஷயங்களை வைக்கிறது. இது எந்த ஃபைல்சிஸ்டம், அதில் எந்த ஐநோடு (ஒரு கோப்புக்கான எண்ணிட்ட பதிவு), அந்த ஐநோடின் ஜெனரேஷன் எண் (அதே ஐநோடு வேறு கோப்புக்குப் போனால் மாறுவது) என்ன. பின்னிரண்டும் டிஸ்க்கிலேயே எழுதப்பட்டவை. டிஸ்க் எந்த நோடுக்குப் போனாலும் அவை கூடவே போகும். முதலாவதுதான் வம்பு. அதற்கான விடையை சர்வர் எங்கிருந்து எடுக்கிறது என்பதில்தான் நம் வழிகள் பிரிகின்றன.

இந்த ஐநோடு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது நோடில் உள்ள பிரதியை, கோப்பு கோப்பாக நகலெடுக்கும் ஆர்சிங்க் வைத்து உருவாக்கியிருந்தால், கீழே சொல்லும் எந்த வழியும் உதவாது. கோப்பின் உள்ளடக்கம் ஒன்றாக இருக்கும், ஐநோடு எண்கள் வேறாகிவிடும். பகிர்ந்த சான் டிஸ்க், அல்லது டிஆர்பிடி போல பிளாக் அளவில் பிரதி எடுக்கும் ஏற்பாடு, இரண்டில் ஒன்று இருந்தால்தான் மேலே படிப்பதில் பயன் உண்டு. ஆர்சிங்க் பிரதியைத் ‘ஸ்டாண்ட்பை சர்வர்’ என்று வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அது நல்ல பேக்கப். ஆனால் ஃபெயில்ஓவருக்கு ஆகாது.

முதல் வழி: இரண்டு நோடிலும் டிவைஸ் எண்ணை ஒன்றாக்குவது

அன்று இரவு எனக்கு முதலில் தோன்றியது இதுதான். எண் வேறானதால் பிரச்சினை என்றால் எண்ணை ஒன்றாக்கிவிடலாமே. எல்விஎம்மில் அதற்கு வழி இருக்கிறது. எல்விசேஞ்ச் கட்டளையில் மைனர் எண்ணை நிரந்தரமாக்கும் விருப்பத்தைக் கொடுத்து, நமக்கு வேண்டிய எண்ணைச் சொல்லலாம். அது வால்யூம் குரூப்பின் மெட்டாடேட்டாவில் பதிவாகும், வால்யூமோடு சேர்ந்து பயணிக்கும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் கேட்ட மைனர் எண்ணை இரண்டாவது நோடில் வேறொரு வால்யூம் ஏற்கெனவே பிடித்திருந்தால், நம் வால்யூம் அங்கே ஆக்டிவேட்டே ஆகாது. ஸ்டேல் ஹேண்டிலுக்குப் பதிலாக ஃபெயில்ஓவரே தோற்கும். 200, 201 என்று உயரத்தில் எண் வைத்தால் மோதல் குறையும், அவ்வளவுதான்.

எனக்கு இதைவிடக் கவலை மேஜர் எண்ணில். எல்விஎம்முக்கு அடியில் இருக்கும் டிவைஸ் மேப்பருக்கு என்று ஒதுக்கப்பட்ட நிலையான மேஜர் எண் கிடையாது. கர்னல் அப்போது காலியாக இருப்பதில் ஒன்றைக் கொடுக்கும். பல கணினிகளில் 253 வரும், சிலவற்றில் 252, வேறு சிலவற்றில் 254. ஒரே மாதிரியான இரண்டு நோடில் ஒரே எண் வருவது ஒற்றுமையால் வருவது, யாரும் தந்த உத்தரவாதத்தால் அல்ல. ஒரு நோடில் மட்டும் கர்னலைப் புதுப்பித்துவிட்டு மறுநோடை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடும் இடைவெளியில் இது மாறினால், மைனர் எண்ணைக் கட்டிவைத்து என்ன பயன்? டிவைஸ் மேப்பர் மாட்யூலுக்கு மேஜர் எண்ணைச் சொல்லும் அளவுரு ஒன்று உண்டு. அதையும் இரண்டு நோடிலும் மறக்காமல் எழுத வேண்டும். ஒவ்வொரு ஓட்டையையும் அடைக்க இன்னொரு அமைப்புக் கோப்பு என்று போய்க்கொண்டே இருக்கும்.

எஸ்டிஏ, எஸ்டிபி என்று நேரடி டிஸ்க் பெயரில் வருவதென்றால் நிலைமை இன்னும் மோசம். எஸ்டிஏ என்பது 8, 0. எஸ்டிபி 8, 16. எந்த டிஸ்க் முதலில் கண்ணில் படுகிறதோ அதற்கு முதல் பெயர். ஒரு யூஎஸ்பி டிஸ்க் செருகியிருந்தால்கூட வரிசை கலையும்.

டிஆர்பிடி மட்டும் இதில் விதிவிலக்கு. அதன் மேஜர் எண் 147 என்று பதிவு செய்யப்பட்டது. மைனர் எண்ணை நாமே ரிசோர்ஸ் கோப்பில் எழுதுகிறோம், அந்தக் கோப்பு இரண்டு நோடிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது ஏற்கெனவே விதி. அதனால் டிஆர்பிடி டிவைஸின் மேலேயே நேராக ஃபைல்சிஸ்டம் போட்டவர்களுக்கு இந்தச் சிக்கல் வந்ததே இல்லை, வந்ததில்லை என்பதே தெரியாமல் பல வருடம் ஓட்டியிருப்பார்கள். பிறகு ஒருநாள் ‘வால்யூமைப் பெரிதாக்க வசதியாக இருக்கும்’ என்று டிஆர்பிடிக்கு மேல் ஓர் எல்விஎம் அடுக்கு போடுவார்கள். ஃபைல்சிஸ்டத்துக்குக் கீழே இருப்பது இப்போது 147 அல்ல, மறுபடியும் அந்த 253.

இந்த வழியைப் புதிதாகக் கட்டும் எவருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது வழி: ஃபைல்சிஸ்டத்தின் யூயூஐடியிடம் விட்டுவிடுவது

இப்போது ஒன்றும் செய்யாமல் இருந்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஃபைல்சிஸ்டத்துக்கு யூயூஐடி (அதை உருவாக்கும்போதே கிடைக்கும் தனித்த அடையாளம்) இருந்தால் அதைப் பயன்படுத்து, இல்லாவிட்டால் டிவைஸ் எண்ணுக்குப் போ, இதுதான் லினக்ஸ் என்எஃப்எஸ்ஸின் இயல்பான நடத்தை. 2.6.20 வரையிலான கர்னல்களுக்கு யூயூஐடி புரியாது. எங்கள் 2.6.18 அடிவாங்கியது அதனால்தான்.

யூயூஐடியின் பலம் தெளிவானது. அது டிஸ்க்கிலேயே, ஃபைல்சிஸ்டத்தின் தலைப்பான சூப்பர்பிளாக்கில் எழுதப்பட்டிருக்கிறது. நோடு எதுவானாலும், டிவைஸ் பெயர் எதுவானாலும், கர்னல் எந்தப் பதிப்பானாலும் டிஸ்க்கைத் திறந்தால் அதே 32 ஹெக்ஸ் இலக்கம். ஒரு பெரிய ஈஎக்ஸ்டி4 அல்லது எக்ஸ்எஃப்எஸ் வால்யூம், அதன் மேல் ஒரே ஓர் எக்ஸ்போர்ட் (கிளையன்ட்களுக்குப் பகிரும் அடைவு), இவ்வளவுதான் உங்கள் ஏற்பாடு என்றால் இது தானாகவே சரியாக நடக்கும். நான் பார்த்த வரையில் சிறிய அலுவலகங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் ஓடுகிறது, ஓடட்டும்.

எனக்குள்ள தயக்கம், மேலே சொன்ன அந்த ‘இல்லாவிட்டால்’ என்ற சொல்லில் இருக்கிறது. யூயூஐடியைக் கண்டுபிடிக்க முடியாதபோது சர்வர் சத்தமில்லாமல் டிவைஸ் எண்ணுக்கு இறங்கிவிடும். இன்று எதை வைத்து ஹேண்டில் கொடுக்கிறது என்பதை எக்ஸ்போர்ட்ஸ் கோப்பைப் படித்து உங்களால் சொல்ல முடியாது, ஏனென்றால் அங்கே எதுவும் எழுதப்படவில்லை. எழுதப்படாத ஒன்றை இரண்டு நோடிலும் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

அடுத்தது நகல் விவகாரம். ஸ்டோரேஜிலேயே ஸ்னாப்ஷாட் எடுத்து, அழிந்துபோன கோப்பை மீட்க அதை அதே நோடில் மவுன்ட் செய்து எக்ஸ்போர்ட் செய்வது வழக்கமான வேலை. ஸ்னாப்ஷாட்டின் யூயூஐடியும் மூலத்தின் யூயூஐடியும் ஒன்றே. எக்ஸ்எஃப்எஸ் இதைக் கவனித்து மவுன்ட் செய்யவே மறுக்கும், நோயூயூஐடி என்று சொன்னால்தான் வழிவிடும். அப்படி வழிவிட்ட பிறகு, ஒரே அடையாளத்தோடு இரண்டு ஃபைல்சிஸ்டம் ஒரே சர்வரில் நிற்கின்றன. கிளையன்ட் காட்டும் ஹேண்டில் இதில் எதைக் குறிக்கிறது? மீட்பு வேலை என்பதே பதற்றமான நேரம். அப்போது இந்தக் கேள்வி எழவே கூடாது.

டிஎம்பிஎஃப்எஸ், ஃப்யூஸ் வகைகள் எல்லாம் பிளாக் டிவைஸின் மேல் நேரடியாக உட்காராதவை. அவற்றை எக்ஸ்போர்ட் செய்ய எஃப்எஸ்ஐடி (ஃபைல்சிஸ்டத்துக்கு நாமே எழுதிக் கொடுக்கும் அடையாளம்) கட்டாயம் வேண்டும் என்று சர்வரே கேட்டுவிடும், அங்கே தேர்வுக்கே இடமில்லை.

மூன்றாவது வழி: எஃப்எஸ்ஐடியை நாமே எழுதுவது

எக்ஸ்போர்ட் வரியில் எஃப்எஸ்ஐடி சமம் 11 என்று ஒரு சொல். இதை எழுதிவிட்டால் டிவைஸ் எண்ணும் யூயூஐடியும் ஹேண்டில் பக்கமே வராது, அந்த 11 மட்டும்தான் போகும். இரண்டு நோடிலும் 11 என்றே இருந்தால் கிளையன்ட்டுக்கு சர்வர் மாறியதே தெரியாது.

அன்று இரவு ஒரு மணிக்கு நாங்கள் கடைசியில் செய்தது இதைத்தான். இன்றும் எனக்குப் பிடித்தது இதுவே. காரணம் எளிமை மட்டுமல்ல. அடையாளம் கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டு நோடின் கோப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சரியா தவறா என்று ஒரு நிமிடத்தில் சொல்லலாம். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவரும் சொல்லலாம். நடுராத்திரியில் தூக்கக் கலக்கத்தோடு பார்ப்பவருக்கு இது பெரிய உதவி.

கிளஸ்டரை நிர்வகிக்கப் பேஸ்மேக்கர் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இந்த முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. அதன் எக்ஸ்போர்ட்எஃப்எஸ் ரிசோர்ஸ் ஏஜென்ட் எஃப்எஸ்ஐடியைக் கட்டாயமாகக் கேட்கும். அதோடு அந்த மதிப்பு கிளஸ்டரின் பொது அமைப்பில் ஒரே இடத்தில் இருக்கிறது, நோடுக்கு ஒரு கோப்பு என்று பிரிந்து கிடப்பதில்லை. ஒரு பக்கம் திருத்தி மறுபக்கம் மறந்துபோகும் அபாயம் அங்கேயே போய்விடுகிறது.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. 0 என்ற எண்ணை எடுக்காதீர்கள். அது நான்காம் பதிப்பில் எல்லா எக்ஸ்போர்ட்டுக்கும் வேரைக் குறிக்கும் சிறப்பு எண், ரூட் என்று எழுதுவதற்குச் சமம். வேண்டுமென்றே அந்த வேரை அமைப்பவர்கள் பயன்படுத்தலாம். தெரியாமல் ‘முதல் எக்ஸ்போர்ட், அதனால் பூஜ்யம்’ என்று ஆரம்பித்தால் கிளையன்ட்டில் பாதைகள் எல்லாம் வேறுமாதிரி தெரியும்.

உண்மையான ஆபத்து, ஒரே எண்ணை இரண்டு வெவ்வேறு எக்ஸ்போர்ட்டுக்குக் கொடுத்துவிடுவது. பழைய வரியை நகலெடுத்து ஒட்டி, பாதையை மட்டும் மாற்றி, எண்ணை மாற்ற மறப்பது கைத்தவறுகளிலேயே மிகச் சுலபமானது. ஸ்டேல் பிழை வந்தால்கூடப் பரவாயில்லை, தவறு என்றாவது தெரியும். இங்கே ஓர் அடைவைக் கேட்ட கிளையன்ட்டுக்கு மற்ற அடைவு போய்ச் சேரலாம். இரண்டு நோடு, இரண்டு சேவை, சாதாரணமாக ஆளுக்கொன்று ஓட்டும் கிளஸ்டரில் இது இன்னும் வஞ்சகமானது. முதல் நோடில் ஒரு 11, இரண்டாவதில் ஒரு 11, தனித்தனியாக இருக்கும் வரை எல்லாம் நலம். ஒரு நோடு விழுந்து இரண்டு சேவையும் ஒரே நோடுக்கு வரும் அந்த நாளில்தான் மோதும். அதனால் எண் ஒதுக்கீட்டை நோடுவாரியாக வைக்காமல் கிளஸ்டர் முழுவதற்கும் ஒரே பட்டியலாக வையுங்கள். நான் கணக்குப் பிரிவுக்கு 11 முதல், வடிவமைப்புப் பிரிவுக்கு 21 முதல் என்று இடைவெளி விட்டுக் கொடுப்பேன். நீக்கிய எக்ஸ்போர்ட்டின் எண்ணை வேறொன்றுக்குத் திரும்பக் கொடுப்பதில்லை, எங்காவது ஒரு கிளையன்ட் பழைய ஹேண்டிலோடு இன்னும் காத்திருக்கக்கூடும்.

சிறு எண்ணுக்குப் பதிலாக அதே இடத்தில் ஒரு முழு யூயூஐடியையும் எழுதலாம். நூற்றுக்கணக்கான எக்ஸ்போர்ட்டை நிரல் வைத்து உருவாக்கும் இடங்களுக்கு அதுதான் பொருத்தம், எண் தீரும் என்ற கவலையும் மோதலும் இல்லை. பத்துப் பதினைந்து எக்ஸ்போர்ட்டுக்கு அது தேவையில்லாத சுமை. கண்ணால் ஒப்பிட முடியும் என்ற வசதியைக் கொடுத்து எதையும் வாங்கவில்லை.

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் எஃப்எஸ்ஐடியைச் சேர்ப்பதும் மாற்றுவதும் பகல் நேர வேலை அல்ல. ஏற்கெனவே கொடுத்த ஹேண்டில்கள் வேறு அடையாளத்தில் இருக்கின்றன. சில சமயம் அவை தொடர்ந்து செல்லுபடியாகலாம், அதை நம்பித் திட்டமிடக் கூடாது. அறிவித்து, கிளையன்ட்களை அன்மவுன்ட் செய்து, மாற்றி, மறுபடி மவுன்ட் செய்யுங்கள். இந்த வலி ஒருமுறைதான். ஆரம்பத்திலேயே எழுதியிருந்தால் அதுவும் இல்லை.

என்எஃப்எஸ் இல்லாமல் ஐஸ்கஸி என்றால்

கேள்வி அதேதான், அடையாளம் இருக்கும் இடம் வேறு. டிஸ்க்கையே நெட்வொர்க் வழியாகக் கொடுக்கும் ஐஸ்கஸியில் கிளையன்ட் ஃபைல்சிஸ்டத்தைப் பார்ப்பதில்லை, ஒரு முழு டிஸ்க்கைப் பார்க்கிறது. அந்த டிஸ்க்கிடம் ‘நீ யார்’ என்று கேட்டுத் தெரிந்துகொள்வது டிஸ்க் தன்னைப் பற்றிச் சொல்லும் ஸ்கஸியின் விபிடி பக்கங்கள் மூலம்: 80 ஹெக்ஸ் பக்கத்தில் சீரியல் எண், 83 ஹெக்ஸ் பக்கத்தில் டிவைஸ் அடையாளம். மல்டிபாத் ஒரே டிஸ்க்குக்கான இரண்டு பாதைகளை ஒன்று சேர்ப்பதும் இதை வைத்துத்தான். விஎம்வேரின் ஃபைல்சிஸ்டமான விஎம்எஃப்எஸ் தன் தலைப்பில் எழுதி வைத்துக்கொள்வதும் இந்த அடையாளத்தைத்தான்.

டிஸ்க்கை வழங்கும் பக்கமான லினக்ஸின் எல்ஐஓ டார்கெட்டில் ஒரு பேக்ஸ்டோரை (வழங்கும் டிஸ்க்குக்கான பதிவை) உருவாக்கும்போது சீரியல் எண் தானாக, ரேண்டமாக உருவாகிறது. அதிலிருந்தே 6001405 என்று தொடங்கும் அடையாளம் பிறக்கிறது. இரண்டு நோடிலும் தனித்தனியாக ‘ஒரே மாதிரி’ கட்டளை கொடுத்து உருவாக்கினால் இரண்டு வேறு சீரியல், அதாவது கிளையன்ட் கண்ணுக்கு இரண்டு வேறு டிஸ்க். ஃபெயில்ஓவருக்குப் பின் லினக்ஸ் கிளையன்ட்டில் புது டிஸ்க் முளைக்கும், பழையது செத்துக் கிடக்கும். விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட் என்றால் அந்த டேட்டாஸ்டோரை ‘இது ஸ்னாப்ஷாட் நகல்போல இருக்கிறது’ என்று ஒதுக்கிவைக்கும்.

இங்கே டிவைஸ் எண், யூயூஐடி என்ற ஊசலாட்டமெல்லாம் இல்லை. சீரியலை நாமே எழுத வேண்டும், லன்னை (கிளையன்ட்டுக்கு வழங்கும் டிஸ்க்கை) எக்ஸ்போர்ட் செய்வதற்கு முன்பே எழுத வேண்டும். பேஸ்மேக்கரின் ஐஸ்கஸிலாஜிக்கல்யூனிட் ஏஜென்ட் இதைப் பார்த்துக்கொள்கிறது. நாம் சீரியல் கொடுக்காவிட்டாலும் ரிசோர்ஸின் பெயரிலிருந்து கணக்கிட்டு எடுக்கும், பெயர் இரண்டு நோடிலும் ஒன்றே என்பதால் சீரியலும் ஒன்றாகும். நல்ல ஏற்பாடு. ஆனால் அழகுக்காக ரிசோர்ஸின் பெயரை மாற்றினால் டிஸ்க்கின் அடையாளமே மாறிவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வெளிப்படையாகவே எழுதிவிடுங்கள்.

ஒரே சீரியலை இரண்டு நோடும் ஒரே நேரத்தில் காட்டும்படி வைத்து, மல்டிபாத்தை நம்பி இரண்டு பக்கமும் எழுத விடலாமா என்ற ஆசை வரும். வேண்டாம். ஸ்கஸி ரிசர்வேஷன் (டிஸ்க்கில் எழுதும் உரிமையைப் பூட்டுவது) இரண்டு நோடுக்கும் பொதுவாக இல்லாத நிலையில் அது தரவைக் கெடுக்கும் வழி. ஒரு சமயத்தில் ஒரு நோடு மட்டும்.

அடையாளம் சரியாக இருந்தும் ஸ்டேல் வந்தால்

எஃப்எஸ்ஐடி எழுதிய பிறகும் எங்களுக்கு ஒருமுறை அதே பிழை வந்தது. சோதித்துப் பார்த்தபோது காரணம் வரிசை. சேவை ஐபி முதலில் எழுந்துவிட்டது, எக்ஸ்போர்ட் இரண்டு மூன்று விநாடி கழித்து வந்தது. அந்த இடைவெளியில் வந்த கிளையன்ட்டுக்கு சர்வர், தனக்குத் தெரியாத ஹேண்டில் என்று சொல்லிவிட்டது. ஃபைல்சிஸ்டம் மவுன்ட், பிறகு என்எஃப்எஸ் சர்வர், பிறகு எக்ஸ்போர்ட், கடைசியாக ஐபி. நிறுத்தும்போது தலைகீழ், ஐபி முதலில் போக வேண்டும். ஐபி இல்லாதபோது கிளையன்ட் பதில் வராமல் காத்திருக்கும், ஹார்டு மவுன்ட் என்றால் எவ்வளவு நேரமும் காத்திருக்கும். தவறான பதில் வந்தால்தான் நிரலுக்குப் பிழை போகிறது.

பூட்டுகளின் கணக்கு வேறொரு விஷயம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வார் லிப் என்எஃப்எஸ் அடைவில் இருக்கும் நிலைத் தகவலும் பகிர்ந்த டிஸ்க்கோடு நகர வேண்டும், இல்லாவிட்டால் ஹேண்டில் பிழைக்கும், பூட்டு பிழைக்காது. நான்காம் பதிப்பில் பழைய பூட்டுகளைக் கிளையன்ட்கள் திரும்பக் கோர இயல்பாக 90 விநாடி கிரேஸ் காலம் உண்டு. அந்த நேரத்தில் புதிய பூட்டு கிடைக்காமல் நிரல்கள் நிற்பது கோளாறு அல்ல.

நான் எதை எடுப்பேன்

புதிதாகக் கட்டினால் கேள்வியே இல்லை, முதல் நாளிலேயே சிறு எண் எஃப்எஸ்ஐடி. ஐஸ்கஸி என்றால் கையால் எழுதிய சீரியல். ஏற்கெனவே யூயூஐடியில் ஓடுகிற ஒற்றை எக்ஸ்போர்ட் கிளஸ்டரை, ஸ்னாப்ஷாட் மீட்பு வேலை அங்கே நடப்பதில்லை என்றால், தொட மாட்டேன். அடுத்த பராமரிப்பு நேரம் வரும்போது எஃப்எஸ்ஐடியைச் சேர்த்துக்கொள்வேன். டிவைஸ் எண்ணை நம்பி ஓடும் பழைய கிளஸ்டர் கையில் வந்தால் அதற்கென்றே ஒரு பராமரிப்பு நேரம் கேட்டு வாங்குவேன். எல்விஎம் அடுக்கு சேர்க்கும் யோசனை யாரிடமாவது இருந்தால் அதற்கு முன்பே வாங்குவேன்.

எதை எடுத்தாலும் சோதிக்கும் முறை ஒன்றுதான். ஒரு கிளையன்ட்டில் விநாடிக்கு ஒரு வரி நேரத்தை எழுதும் சின்ன நிரலை ஓட விடுங்கள், கோப்பை மூடாமல். இன்னொரு கிளையன்ட் அதே கோப்பை டெய்ல் வைத்துப் படித்துக்கொண்டிருக்கட்டும். ஃபெயில்ஓவர் செய்யுங்கள். எழுத்து சற்று நேரம் நின்று, பிழையில்லாமல் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். பிறகு திருப்புங்கள். பலர் ஒரு திசையில் மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அதன்பின் இரண்டாவது நோடை ரீபூட் செய்துவிட்டு, முடிந்தால் அதில் ஒரு சின்ன லோக்கல் வால்யூம் கூடுதலாக உருவாக்கிவிட்டு, மறுபடி ஒருமுறை. எங்கள் 3 ஐ 5 ஆக்கியது அப்படிப்பட்ட இரண்டு சின்ன வால்யூம்கள்தான்.